மனத்திறன் தேர்வு: நம் கடற்கரைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒரு பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் குரூப் 4க்கும் ரயில்வேக்கும் படிக்கிற அண்ணன், அக்காமார். வயது வேறு, தேர்வு வேறு. ஆனால் மனத்திறன் பகுதியில் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்கிற இடங்கள் ஒன்றுதான். தொண்டியிலிருந்தும் வாலிநோக்கத்திலிருந்தும் போன் போட்டுக் கேட்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மனத்திறன் என்று தனியாக ஒரு பாடமா? எந்தெந்தத் தேர்வில் வருகிறது?

பள்ளியில் அந்தப் பெயரில் பாடம் கிடையாது. அதனால்தான் பயம். எண் தொடர், திசை, உறவுமுறை, குறியீடு, நாட்காட்டி, கடிகாரம், பகடை, கண்ணாடி பிம்பம், கூற்றும் முடிவும் என்று பத்துப் பன்னிரண்டு வகைக் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். தெரிந்த செய்தியை ஒப்பிக்கச் சொல்லாமல், கொடுத்த செய்தியிலிருந்து விடையை எடுக்கச் சொல்வார்கள்.

எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதில் மனத்திறன் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் தாளும் 90 கேள்வி, 90 நிமிடம். பிள்ளைகள் இவற்றை மேட், சாட் என்பார்கள். குரூப் 4இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 25 கேள்வி திறனறிவும் மனக்கணக்கும், அதாவது 37.5 மதிப்பெண். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் முதன்மைத் தாளில் 70 கேள்வியில் 25 உளவியல் என்ற பெயரில் வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே சரக்குதான். ரயில்வே குரூப் டியில் 100க்கு 30 கேள்வி ரீசனிங். ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் நாலு தேர்வுக்கு ஆகும்.

“எம் பிள்ளைக்கு மண்டையில ஏறாது சார், இதெல்லாம் பிறவியில வரணும்” என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. பிள்ளை காதில் விழும்படி அதைச் சொல்லாதீர்கள்.

இந்த மாதிரித் தேர்வுகளுக்கு முன்னோடி 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவரும் உருவாக்கிய தேர்வு. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். அறிவு மாறாத அளவு, கூட்டவே முடியாது என்று பேசியவர்களை பினேயே எதிர்த்து எழுதினார். தேர்வை உண்டாக்கியவரே ஒத்துக்கொள்ளாத ஒன்றை நாம் ஏன் நம்ப வேண்டும்?

என் வகுப்பில் பார்ப்பது இதுதான்: முதல் மாதிரித் தேர்வில் 90க்கு 25 எடுக்கிற பிள்ளைக்குப் பாதிக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்றே புரிந்திருக்காது. கேள்வியின் வடிவம் பழகியதும் மதிப்பெண் தானாக ஏறும். அதற்கு மேல் ஏற்றுவதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பென்சிலை எடுப்பதிலிருந்து.

நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான். மனத்திறன், மனக்கணக்கு என்ற பெயரைக் கேட்டு எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போடுகிறார்கள். கண்ணை மேலே உருட்டி, விரலை மடக்கி, உதட்டை அசைத்து ஒரு விடை சொல்வார்கள். பாதி தப்பாக இருக்கும். அதே பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, “வரைஞ்சு காட்டு” என்றால் முக்கால்வாசி சரியாக வரும். மனசு ஒரே நேரத்தில் மூன்று நான்கு செய்திகளைத்தான் பிடித்து வைக்கும். ஐந்தாவது வந்ததும் முதலாவது நழுவிவிடும். தாள் நழுவவிடாது.

திசைக் கேள்வி என்றால் கோடு போடு. உறவுக் கேள்வி என்றால் குடும்ப மரம் போடு. கூற்று என்றால் வட்டம் போடு. வரிசையில் யார் எத்தனையாவது என்றால் புள்ளி வை. வினாத்தாளின் ஓரத்தில் இடம் இருக்கும், பயன்படுத்து. இதை முதல் இரண்டு வாரம் வெறும் பழக்கமாக மட்டும் செய்யச் சொல்கிறேன். அதுவரை வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

திசைக் கேள்வியில் எப்போதும் குழம்புகிறது. கடற்கரைக்காரப் பிள்ளைக்குத் திசை தெரியாதா என்று கேலி செய்கிறார்கள்.

தெரிவதால்தான் குழம்புகிறது. ஒரு நாள் வகுப்பில் கேட்டேன், “கடல் எந்தத் திசையில இருக்கு?” தொண்டியிலிருந்து வந்திருந்த பையன் “கிழக்கு” என்றான். வாலிநோக்கத்துப் பிள்ளை “தெற்கு” என்றது. மண்டபத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டு, “ரெண்டு பக்கமும்தான் சார்” என்றார்கள். மூன்று விடையும் சரி. ஒவ்வொருவரும் அவரவர் ஊர்க் கடலை வைத்துத் திசையை உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறோம். தேர்வுத் தாளில் அந்தக் கடல் இல்லை. தாளின் மேல் விளிம்பு வடக்கு, அவ்வளவுதான்.

அதனால் முதலில் தாள் மூலையில் கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு போட்டு வ, தெ, கி, மே என்று எழுதிவிடுங்கள். பிறகு கேள்வியைப் படியுங்கள்.

இடம், வலம் திரும்புவதற்கு நம் ஊரே ஒரு வழி கொடுத்திருக்கிறது. பாம்பன் பாலத்தில் இராமேசுவரத்தை நோக்கிப் போகும்போது, அதாவது கிழக்கே போகும்போது, இடக்கைப் பக்கம் வடகடல், வலக்கைப் பக்கம் தென்கடல். பாக் விரிகுடா இடப்பக்கம், மன்னார் வளைகுடா வலப்பக்கம். திரும்பி மண்டபத்துக்கு வரும்போது கை மாறிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்து நூறு முறை பார்த்த காட்சி. இதை மனசில் வைத்தால் எந்தத் திசையில் போகிறவனுக்கும் வலம் எது என்று சொல்லிவிடலாம்.

ஒரு கேள்வி: ஒருவன் கிழக்கே நடக்கிறான். வலப்பக்கம் திரும்புகிறான். மறுபடி வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். இப்போது எந்தத் திசையைப் பார்க்கிறான்? கிழக்கிலிருந்து வலம் தெற்கு. தெற்கிலிருந்து வலம் மேற்கு. மேற்கிலிருந்து இடம் தெற்கு. விடை தெற்கு. மூன்றாவது திருப்பத்தில் வடக்கு என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் தாளை நேராக வைத்துக்கொண்டு தன்னுடைய இடக்கையைப் பார்க்கிறார்கள். மேற்கே போகிறவனின் இடக்கையைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் தாளையே சுற்றிப் போடுங்கள், தப்பில்லை.

நிழல் கேள்வி வந்தால்: காலையில் நிழல் மேற்கே, மாலையில் கிழக்கே. காற்றுக் கேள்வி வந்தால்: வாடை வடக்கேயிருந்து அடிக்கும், கொண்டல் கிழக்கேயிருந்து. காற்றுக்கு அது வருகிற திசைதான் பேர். கொடி பறப்பது எதிர்ப்பக்கம். இதைப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, தாத்தாவிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்.

நாட்காட்டிக் கணக்கில் விடை எப்போதும் ஒரு நாள் தள்ளிப்போகிறது. ஏன்?

இரண்டு விதமான எண்ணிக்கையைக் கலப்பதால். இதற்கு நம் மீன்பிடித் தடைக்காலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். எல்லோருக்கும் தெரியும். 2025இல் ஏப்ரல் 15 செவ்வாய்க்கிழமை. அப்படியானால் ஜூன் 14 என்ன கிழமை?

பிள்ளைகள் உடனே 61ஐ ஏழால் வகுப்பார்கள். மீதி 5. செவ்வாயிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் ஞாயிறு. காலண்டரைப் பார்த்தால் அன்றைக்குச் சனிக்கிழமை. எங்கே தப்பு? தடைக்காலத்தில் முதல் நாளும் சேர்ந்து 61. ஆனால் கிழமை கண்டுபிடிக்க, முதல் நாளிலிருந்து எத்தனை நாள் தாண்டுகிறோம் என்றுதான் எண்ண வேண்டும். ஏப்ரலில் மீதி 15, மே 31, ஜூன் 14. கூட்டினால் 60. ஏழால் வகுத்தால் மீதி 4. புதன், வியாழன், வெள்ளி, சனி. சரியாக வந்துவிட்டது.

கணுவுக்கும் இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் இது. நூறடிக் கயிற்றில் பத்தடிக்கு ஒரு மிதவை கட்டினால் இரண்டு முனையும் சேர்த்து 11 மிதவை வேண்டும், 10 அல்ல. மரம் நடுகிற கணக்கு, கம்பம் நடுகிற கணக்கு, வரிசையில் இடையில் எத்தனை பேர் என்ற கணக்கு எல்லாம் இதே குடும்பம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் ஒரு தாளில் மூன்று நான்கு கேள்வி கைக்கு வரும் என்பது என் அனுபவம்.

சாதாரண ஆண்டில் ஒரே தேதிக்கு அடுத்த வருடம் ஒரு கிழமை கூடும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கூடும். 2026 ஏப்ரல் 15 புதன். இந்த விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

எண் தொடரில் வித்தியாசம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால்?

வித்தியாசத்தைத் தாளில் கீழே எழுதிப் பார்த்தீர்களா? எழுதாமல் “பிடிபடவில்லை” என்று சொல்லக் கூடாது.

2, 4, 7, 9, 11, 14, 16, 18, ? இதை வகுப்பில் கொடுத்தேன். ஒருவர் இரட்டைப்படை என்றார், ஒருவர் பகா எண் என்றார். இராமேசுவரம் விசைப்படகு வீட்டுப் பெண் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “21 சார். திங்கள், புதன், சனி” என்றாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகிற கிழமைகள்! வித்தியாசத்தை எழுதினால் 2, 3, 2, 2, 3, 2, 2, அடுத்தது 3. வித்தியாசமே ஒரு தொடராக வருவது இப்படித்தான்.

அது வரவில்லை என்றால் வர்க்கம், கனம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 20 வரை வர்க்கமும் 10 வரை கனமும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று பாருங்கள், இரண்டு தொடரைப் பின்னி வைத்திருப்பார்கள். இந்த மூன்றிலும் வரவில்லையா, ஒரு நிமிடம் ஆகிவிட்டது, தாண்டிப் போங்கள்.

உறவுமுறைக் கேள்வி தமிழில் சுலபம்தானே? அதில்கூடத் தப்பு வருகிறதே?

தமிழில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை என்று தனித்தனியாகச் சொல் இருப்பது வசதிதான். தொல்லை வருவது நம் வீட்டுப் பழக்கத்தால். ‘மாமா’ என்றால் அம்மாவின் தம்பியும் மாமா, அத்தை வீட்டுக்காரரும் மாமா, மாமனாரும் மாமா. சொந்தத்தில் பெண் எடுக்கிற வீட்டில் ஒரே ஆள் இரண்டு முறைக்கு வருவார். கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள் வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். வினாத்தாளில் தமையன், தமக்கை என்று வந்தால் ஒரு கணம் நின்றுவிடுகிறார்கள். தமையன் என்றால் காக்கா, தமக்கை என்றால் லாத்தா என்று முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு இரட்டைக் கோடு, பிள்ளைக்குக் கீழ்நோக்கி ஒரு கோடு. ஒரு புகைப்படத்தில் இருக்கிற சிறுமியைக் காட்டி ஒருவன் சொல்கிறான்: “இவளுடைய தாய், என் தாயின் ஒரே மகள்.” அவன் அவளுக்கு என்ன முறை? கடைசியிலிருந்து பிரியுங்கள். என் தாயின் ஒரே மகள் என்றால் என் சகோதரி. சகோதரியின் மகள் இந்தச் சிறுமி. விடை தாய்மாமன். வாக்கியத்தை முன்னாலிருந்து படித்தால் சுற்றும், பின்னாலிருந்து பிரித்தால் விழுந்துவிடும்.

பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும்தான்.

“பொருந்தாததைத் தேர்ந்தெடு” கேள்வியில் எதை எடுத்தாலும் ஒரு காரணம் சொல்லலாமே?

சொல்லலாம். சூடை, நெத்திலி, ஆவுளியா, சீலா என்று கொடுத்தேன். நெத்திலிதான் சிறிசு என்றான் ஒருவன். சீலாதான் விலை கூட என்றான் இன்னொருவன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் மற்ற மூன்றையும் இறுக்கமாகச் சேர்த்துக் கட்டுகிற குணம் எது என்று பார்க்க வேண்டும். சூடை, நெத்திலி, சீலா மூன்றும் மீன். ஆவுளியா என்கிற கடல்பசு பாலூட்டி, நுரையீரலால் மூச்சு விடுகிறது. விடை அதுதான். ஒன்றைத் தள்ளக் காரணம் தேடாதீர்கள், மூன்றைச் சேர்க்கக் காரணம் தேடுங்கள்.

கூற்று, முடிவு கேள்விகளில் நடக்காத விஷயத்தையெல்லாம் சொல்கிறார்களே?

வேண்டுமென்றேதான். “எல்லாப் படகுகளும் வலைகள். சில வலைகள் நங்கூரங்கள். ஆகவே சில படகுகள் நங்கூரங்கள்.” படகு எப்படி வலையாகும் என்று யோசித்தால் போச்சு. பெரிய வட்டம் வலை, அதற்குள்ளே சின்ன வட்டம் படகு. நங்கூர வட்டம் வலையைத் தொட வேண்டும், ஆனால் படகைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொடாமலும் வரைய முடிகிறது, அதனால் முடிவு தவறு. தப்பாக்கும்படி ஒரே ஒரு படம் வரைய முடிந்தாலும் அந்த முடிவு செல்லாது.

ஆங்கில எழுத்துக் குறியீட்டைப் பார்த்தாலே தமிழ்வழிப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, 26 எழுத்துக்கும் எண் தெரிந்தால் போதும். ஈ 5, ஜே 10, ஓ 15, டி (T) 20, ஒய் 25. இந்த ஐந்தையும் தூணாக வைத்துக்கொண்டால் பக்கத்து எழுத்தை எண்ணிவிடலாம். தேர்வறையில் உட்கார்ந்ததும் 26 எழுத்தையும் எண்ணோடு ஓரத்தில் எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு நிமிடம் போகும், ஐந்து நிமிடம் மிஞ்சும். எஸ், ஈ, ஏ என்ற சொல்லுக்கு எச், வி, இசட் என்று குறியீடு தந்திருந்தால்: 19க்கு 8, 5க்கு 22, 1க்கு 26. கூட்டினால் எல்லாம் 27. பின்னாலிருந்து எண்ணியிருக்கிறார்கள். எண்ணாக மாற்றியதும் அது வெறும் கணக்குதான்.

கணக்குப் பகுதியில் எதை விடக் கூடாது?

குரூப் 4 பாடத்திட்டத்தில் இருப்பது கொஞ்சம்தான்: சுருக்குதல், விழுக்காடு, மீ.பொ.கா., மீ.பொ.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கொள்ளளவு, காலமும் வேலையும். பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூலே போதும்.

வட்டியில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் “ரெண்டு வட்டி” என்றால் நூறுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். தேர்வில் சொல்வது ஆண்டு வட்டி. 15,000 ரூபாய்க்கு 24 சதவீதத்தில் 8 மாத வட்டி கேட்டால் காலம் என்ற இடத்தில் 8 போட்டு 28,800 என்று எழுதுகிறார்கள். பன்னிரண்டில் எட்டு, அதாவது மூன்றில் இரண்டு வருடம் என்று போட்டால் 2,400. பதினைந்தாயிரம் கடனுக்கு எட்டு மாதத்தில் இருபத்தெட்டாயிரம் வட்டி வருமா என்று வீட்டுப் புத்தியால் ஒரு தடவை யோசித்தாலே தப்புத் தெரிந்திருக்கும். அம்மா குழுக் கடன் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புத்தி நிறையவே இருக்கிறது, தேர்வறைக்குள் அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

ரயில் கணக்கில், பாலத்தைத் தாண்ட ரயில் தன் நீளத்தையும் சேர்த்து ஓட வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் சுமார் 2.08 கி.மீ. அதாவது 2,080 மீட்டர். 420 மீட்டர் நீள ரயில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 2,500 மீட்டர். 36ஐ 5/18ஆல் பெருக்கினால் வினாடிக்கு 10 மீட்டர். 250 வினாடி, 4 நிமிடம் 10 வினாடி. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை கைக்கடிகாரத்தில் நீங்களே அளந்து பாருங்கள், சூத்திரம் மறக்காது.

பகடை, கண்ணாடி பிம்பம், கடிகாரம்?

சாக்பீஸ் டப்பாவை வெட்டிக் கனசதுரம் செய்து எண் எழுதிக் கையில் சுழற்றுங்கள். எதிர்ப்பக்கங்களின் கூட்டுத்தொகை 7 என்பது எல்லாப் பகடைக்கும் பொருந்தாது, கேள்வியில் உள்ள படத்தைத்தான் நம்ப வேண்டும். கண்ணாடியில் இடம் வலம் மாறும். தண்ணீரில் மேல் கீழ் மாறும், வடகடல் அசையாமல் கிடக்கிற காலையில் படகின் நிழல் மாதிரி. கண்ணாடியில் தெரிகிற மணி 4.20 என்றால், 12 மணியை 11.60 என்று எழுதி அதிலிருந்து கழித்தால் 7.40.

மதுரைக்கோ சென்னைக்கோ போய் கோச்சிங் சேர வேண்டுமா?

இந்தப் பகுதிக்காக மட்டும் வேண்டாம். பழைய வினாத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலும் தேர்வாணையத்தின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றை முடியுங்கள். ‘ஷார்ட்கட்’ வீடியோ அப்புறம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, கட்டணம் இல்லை. கடற்படை, கடலோரக் காவல்படைக்குப் போக நினைக்கிற மீனவ இளைஞர்களுக்குத் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. பக்கத்து மரைன் போலீஸ் ஸ்டேஷனில் அடுத்த வகுப்பு எப்போது என்று கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? கடலுக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா?

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினம் 45 நிமிடம், 20 கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுத்தாள், கடிகாரம் வைத்து, இடையில் எழுந்திருக்காமல். கடலுக்குப் போகிற தம்பிகள் தொழிலுக்குப் போகாத நாளில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். போய்வந்த நாளில் புதிதாக எதுவும் படிக்காமல் முந்தின நாள் தப்பான ஐந்து கேள்வியை மட்டும் திரும்பப் போட்டால் போதும். தடைக்காலத்தின் இரண்டு மாதம் கையில் காசு இறுகுகிற காலம்தான், தெரியும். ஆனால் வருடத்தில் தொடர்ந்து கிடைக்கிற ஒரே நேரமும் அதுதான், குரூப் 4க்கு அடித்தளம் போட்டுவிடலாம்.

இதோடு ஒரு தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, பக்கத்தில் காரணம் ஒரு சொல்லில்: ‘புரியல’, ‘அவசரம்’, ‘கூட்டல்’. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். தனக்கு மனத்திறனே வராது என்று அழுதவள். பக்கம் பக்கமாக ‘அவசரம்’, ‘அவசரம்’ என்று இருந்தது. ‘புரியல’ என்று அபூர்வமாகத்தான். அதை அவளுக்கே காட்டினேன். அதற்குப் பிறகு அவள் அழவில்லை, கேள்வியை இரண்டு தடவை படிக்க ஆரம்பித்தாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்த 45 நிமிடத்தில் பெண்பிள்ளையைத் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் கூப்பிடாதீர்கள். ஒரு கேள்விக்கு நடுவில் எழுந்துபோனால் திரும்ப முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை போடலாமா?

தேர்வைப் பொறுத்தது. என்எம்எம்எஸ்ஸில் தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஒன்றையும் விடாதீர்கள். குரூப் 4லும் குறைப்பு இல்லை, ஆனால் வட்டத்தைக் காலியாக விடக் கூடாது. விடை தெரியவில்லை என்றால் அதற்கென்று உள்ள ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். ரயில்வேயில் ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் போடுவது லாபம்.

விடைக்கு வட்டத்தைக் கருப்பாக்குகிற ஓஎம்ஆர் தாளில் என்ன கவனிக்க வேண்டும்?

வரிசை எண்ணை. நான் எழுதிய ஒரு அரசுத் தேர்வில் 37ஆவது கேள்வியைத் தாண்டிப் போனேன். 38இன் விடையை 37இல் கருப்பாக்கினேன். அறுபதைத் தாண்டியபோதுதான் தெரிந்தது. கருப்புப் பந்துமுனைப் பேனா, அழிக்க முடியாது. தெரிந்த விடைகள் இருபதுக்கு மேல் அப்படியே போயின. அந்த மத்தியானம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பத்துக் கேள்விக்கு ஒருமுறை விரலை வைத்து எண்ணைச் சரிபாருங்கள். வீட்டு மாதிரித் தேர்வையும் வட்டம் போட்ட தாளிலேயே எழுதுங்கள். வெறும் நோட்டில் எழுதிப் பழகினால் அந்தக் கைப்பழக்கம் வராது.

என்எம்எம்எஸ் கிடைத்தால் எவ்வளவு? தகுதி என்ன?

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் இருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள். இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதம், எஸ்சி, எஸ்டி என்றால் 32 சதவீதம் தகுதி மதிப்பெண். ஆனால் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம்தான், தகுதி மதிப்பெண்ணோடு நின்றால் கிடைக்காது. 180க்கு 110, 120 என்று குறி வையுங்கள்.

விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகப் போகும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். தேர்வில் ஜெயித்தும் இந்த ஒரு எழுத்தால் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தேர்வான பிறகும் வருடாவருடம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 55.

மகள் என்எம்எம்எஸ் எழுதினாள், கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பும் முடிந்துவிட்டது. இனி?

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள். 2023இல் பதினொன்றாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இப்போது பத்தாம் வகுப்பில் நடக்கிறது. மாநிலம் முழுவதும் 1,000 பேருக்கு, பட்டப்படிப்பு முடிகிற வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். அந்தத் தேர்வில் கேட்பது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடம்.

தப்பு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அடுத்த தேர்வுக்கு முதல் பாடம் அதில்தான் இருக்கிறது.